ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய சர்வர்

செப்டம்பர் 2, திங்கள்

காலைக் கூட்டத்தில் இயக்குநர் டாக்டர் சங்கரலிங்கம் என் பக்கம் திரும்பி, "ஹெப்சிபா, இந்த தடவை டிரில்லை நிஜமாவே செஞ்சு காட்டணுமாம்" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தரச் சான்றுக் குழு இருபத்து மூன்றாம் தேதி வருகிறது. கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர் தினக்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு நோட்டு ஆபீஸில் போட்டாயிற்று. மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் எழுத முடியாததை இதில் எழுதிக்கொள்கிறேன்.

டிரில் என்பது பேரிடர் மீட்புச் சோதனை. எங்கள் புற்றுநோய் மருத்துவமனையின் விவரங்கள் முழுவதும் தரைத்தளத்து சர்வரில் இருக்கின்றன. அங்கே தீப்பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நர்சிங் கல்லூரிக் கட்டிடத்தில் இருக்கும் இரண்டாவது சர்வர் எழுந்து வேலையைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல் சர்வரை நிறுத்தி, இரண்டாவது எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வருடமாக அதைப் படிவத்தில் மட்டும் செய்துவருகிறோம். நேரம், நிமிடம், 'வெற்றி', கீழே என் கையெழுத்து. ஆறு படிவங்கள்.

வரும்போது கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

முத்துவைக் கூப்பிட்டு டிரில் பற்றிச் சொன்னேன். சுடலைமுத்து எங்கள் டெக்னீஷியன். பதினொரு வருடமாக இங்கே ஒப்பந்த வேலைதான். இந்த மருத்துவமனையின் எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

"பதினஞ்சாந்தேதி ஞாயித்துக்கிழமை. காலைல மெயின் சர்வரை நிறுத்துறோம்" என்றேன்.

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, "மேடம், அந்தப் பக்கத்துக்கு நகல் போறது நின்னு ரொம்ப நாளாச்சே. போன வருசம் லைன் மாத்தினப்பவே சொன்னேன். சர்வர் ரூம் ரெஜிஸ்டர்லயும் எழுதி வச்சேன்" என்றார்.

அவர் சொல்லியிருக்கலாம். போன வருடம் ஜூலையில் தலைக்கு மேல் வேலை இருந்தது. அப்போது ஒரு நாளைக்கு நாற்பது எச்சரிக்கை மெயில் வரும். தேவையில்லாத குப்பையும் அதோடு சேர்ந்து வரும். அவை தானாக வேறொரு பெட்டிக்குப் போகும்படி நான் அமைத்துவைத்தேன். எல்லோரும் செய்வதுதான்.

இப்போது முழு நகலும் போய்ச்சேரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார் முத்து. டிரில்லுக்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

இயக்குநரைப் பார்க்கப் போனேன். டிரில்லை ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேட்கத்தான் போனேன். அவர் புதுக் கட்டிடத் திறப்பு விழா அழைப்பிதழைக் காட்டி எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். இரண்டு பிழை கண்டுபிடித்துச் சொன்னேன். பேச்சு அப்படியே வேறு பக்கம் போய்விட்டது.

பாதி நகலோடு இரண்டாவது சர்வர் எழாது. அதனால் டிரில் முடிந்ததும் நகலை ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று முத்துவிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது சர்வர் எழுந்தால் போதும். அதற்குள் இருக்கும் கோப்பின் தேதியை யாரும் பார்க்கப்போவதில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

மதியம் ரேடியேஷன் பகுதியிலிருந்து ஒரு பெண்ணை என் அறைக்கு அனுப்பினார்கள். அவளுடைய அட்டையை மெஷின் படிக்கவில்லை. பெயர் பேச்சித்தாய். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். பீடி சுற்றுகிறவள். கன்னத்தின் உட்பக்கம் புற்று. கூட அவள் கணவர் பூலுடையார், தோளில் துண்டோடு, வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வெத்தல போட்டதுக்கு இது தண்டனைங்காவ" என்றாள். பேசும்போது வாயைப் பாதிதான் திறக்க முடிகிறது. "முப்பத்துமூணு கரண்டு வைக்கணுமாம். இன்னைக்குப் பதினஞ்சு."

இங்கே ரேடியேஷனுக்குக் கரண்டு வைப்பது என்றுதான் பெயர். திரையில் பார்த்தேன். பதினான்கு முடிந்தது என்று இருந்தது. அவள் கணக்கு சரி.

"கட்டி சுருங்கிட்டுன்னு டாக்டரம்மா சொன்னாவ. தொட்டுப் பாருங்களேன்" என்று என் விரலைப் பிடித்துத் தாடைக்குக் கீழே வைத்தாள். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "பாத்தியளா? எலுமிச்சங்காய் மாதிரி கெடந்தது" என்றாள் பெருமையாக.

புது அட்டை அச்சடித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

முத்து மறுபடியும் வந்தார். "மேடம், நிறுத்துறதுக்கு முன்னாடி ரேடியேஷன் டிபார்ட்மென்ட் கோப்பை மட்டுமாவது தனி டிஸ்க்ல எடுத்துருவோம். சனிக்கிழமை நான் இருந்து எடுத்துக் குடுத்துருதேன். ஆறு மணி நேரம் போதும்."

தனி டிஸ்க் வாங்க ஒரு கடிதம் எழுத வேண்டும். எதற்கு என்று கடிதத்தில் காரணம் போட வேண்டும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதானே முத்து" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

9.40க்கு சர்வரை நிறுத்தினோம். ஏழு வருடத்தில் அது ஒரு நாள்கூட நின்றதில்லை. விசிறிகள் ஓய்ந்தபோது அந்த அறை எவ்வளவு சின்னது என்று முதல்முறையாகத் தெரிந்தது. 10.05க்கு நர்சிங் கல்லூரி சர்வர் எழுந்தது. திரையில் மருத்துவமனையின் முகப்புப் பக்கம் வந்தது. இயக்குநர் கைதட்டினார். தரச் சான்றுக் கோப்புக்காகத் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டோம். யாரும் உள்ளே போய் எந்த நோயாளியின் பெயரையும் தேடவில்லை.

10.30க்கு முதல் சர்வரை மறுபடி போட்டோம். டிஸ்க்குகள் எட்டு. ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு எரிய வேண்டும். ஆறு எரிந்தது. மூன்றாவதும் ஏழாவதும் மஞ்சள்.

விவரங்கள் எட்டிலும் பங்கு பங்காக எழுதப்பட்டிருக்கும். ஒன்று செத்தால் மற்ற ஏழும் சேர்ந்து ஈடுகட்டும். இரண்டு செத்தால் எட்டும் போன மாதிரி.

முத்து தரையில் உட்கார்ந்து காதை அந்த டிஸ்க்கோடு வைத்துக் கேட்டார். "சுத்தல மேடம். டிக் டிக்குன்னு அடிச்சிட்டு நின்னுபோகுது." வருடக்கணக்காக சுற்றிக்கொண்டே இருந்த டிஸ்க் ஒருமுறை நின்றுவிட்டால் சில சமயம் திரும்பக் கிளம்பாது. இது நாங்கள் படித்த விஷயம்தான்.

பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது முறை போட்டுப் பார்த்தோம். மூன்று மணிக்கு இயக்குநர் கிளம்பிப் போய்விட்டார். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களை அழைத்துவரப் போக வேண்டியிருந்தது அவருக்கு.

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. அத்தான், என் கணவர், மட்டும் போய்விட்டு வந்து குழம்பு வைத்திருந்தார். "என்னாச்சு?" என்றார். "டிஸ்க் ரெண்டு போச்சு" என்றேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாற்றிவிடலாமே என்று சொன்னார்.

செப்டம்பர் 16, திங்கள்

முப்பத்தெட்டுப் பேர் கரண்டு வைக்க வந்திருந்தார்கள். ஒருவருக்கும் வைக்க முடியவில்லை.

எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் கதிர் விழ வேண்டும் என்ற திட்டம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மில்லிமீட்டர் கணக்கு. முப்பத்தெட்டுத் திட்டமும் அந்த சர்வரில்தான். இரண்டாவது சர்வரில் பதினாலு மாதத்துக்கு முன்னால் இங்கே வந்தவர்களின் திட்டங்கள் இருக்கின்றன. அவர்களில் யாரும் இப்போது வருவதில்லை. காகிதத்தில் எழுதும் அட்டையைப் போன வருடம்தான் நிறுத்தினோம். மருத்துவமனை காகிதமில்லாமல் மாறிவிட்டது என்று அதற்கு ஒரு பாராட்டுக் கேடயம்கூட வாங்கினோம்.

கதிர் அளவைக் கணக்கிடும் நித்யகல்யாணி முப்பது வயதுப் பெண். வாய்விட்டு அழமாட்டாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், இதுவரை எத்தனை முறை வைத்தார்கள் என்று கேட்டு எழுதினாள். ஒருவர் பன்னிரண்டு என்றார், அவர் மகன் பதினான்கு என்றான். ஒரு பாட்டியம்மா கை விரித்தார்.

பேச்சித்தாய் "பத்தொம்பது" என்றாள்.

"அது சரிதான். போன திங்கக்கெழம பதினாலு முடிஞ்சதுன்னு நானே திரையில பாத்தேன்" என்று நான் சொன்னேன்.

நித்யகல்யாணி என்னைத் தனியாக அழைத்துப்போனாள். "எத்தனைன்னு தெரிஞ்சுட்டு மேடம். எங்கேங்கிறது போயிட்டே. அதை வச்சு நான் என்ன செய்ய?"

எல்லோரையும் புதன்கிழமை வரச் சொல்லி அனுப்பினோம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அவசரக் கூட்டம். இரண்டாவது சர்வரில் ஏன் பழைய விவரம் இருக்கிறது என்று இயக்குநர் கேட்டார்.

"போன வருசம் லைன் மாத்தினப்போ நகல் நின்னிருக்கு சார்."

"தினமும் போகுதான்னு பாக்கிறது யார் பொறுப்பு?"

"அன்றாடம் பாக்கிறது டெக்னீஷியன் வேலை."

விதிமுறைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

செப்டம்பர் 18, புதன்

முப்பத்தெட்டுப் பேரும் வந்தார்கள். இன்னும் ஒரு வாரம் என்று சொல்லி அனுப்பினோம். ஆலங்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களுக்கு காபி கொடுக்கச் சொன்னேன்.

சர்வர் அறையின் பழைய ரெஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அங்கே ஏ.சி. தண்ணீர் சொட்டுகிறது. நனைந்துவிடக் கூடாது.

செப்டம்பர் 19, வியாழன்

சென்னையில் செத்த டிஸ்க்கிலிருந்து விவரத்தை மீட்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. இரண்டில் ஒன்று பிழைத்தால் போதும், எல்லாம் திரும்பிவிடும். பார்சலில் அனுப்பினால் குலுங்கும் என்று முத்துவே காலை ரயிலில் எடுத்துக்கொண்டு போனார். டிஸ்க்குகளைப் பஞ்சில் சுற்றி, டிபன் கேரியர் பையில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு போனதாகப் போனில் சொன்னார். "எந்திரிக்கவே இல்ல மேடம். பக்கத்து சீட்டுக்காரர் கொழந்தையான்னு கேட்டாரு."

துணி துவைத்துப் போட்டேன். மழை வந்து எல்லாம் மறுபடி நனைந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

தரச் சான்றுக் குழு வந்தது. மூன்று பேர். இரண்டாவது சர்வர் இருபத்தைந்து நிமிடத்தில் எழுந்துவிட்டது, விதிப்படி நாற்பது நிமிடம் வரை ஆகலாம். முகப்புப் பக்கத்தின் போட்டோவைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். டிஸ்க் போனது சோதனை முடிந்த பிறகு நடந்த வேறு சம்பவம், அது தனிப் படிவம் என்றார் அவர்களில் மூத்தவர்.

டிரில் வெற்றி.

செப்டம்பர் 26, வியாழன்

விசாரணை அறிக்கையை நான்தான் டைப் செய்தேன். முத்து இன்னும் சென்னையில், அந்தக் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். 'நகல் நின்றதைத் தொழில்நுட்பப் பணியாளர் உரிய நேரத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கத் தவறியதாக அறியப்படுகிறது.' அறியப்படுகிறது என்ற சொல் இயக்குநருடையது. 'உரிய நேரத்தில்' என்பதை மட்டும் நான் சேர்த்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

சென்னையிலிருந்து பதில். இரண்டு டிஸ்க்கிலும் உள்தட்டு கீறிவிட்டது. மீட்க முடியாது.

அக்டோபர் 3, வியாழன்

முத்து சாவிகளை ஒப்படைக்க வந்தார். ஒப்பந்தம் நேற்றோடு முடித்துவைக்கப்பட்டது. பதினேழு சாவி. ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, எந்த அறை என்று அவர் எழுதியிருந்தார். எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"மாடிக் கதவு சாவியைக் கொஞ்சம் தூக்கித் திருப்பணும் மேடம். இல்லாட்டி சிக்கிக்கிடும்."

"சரி முத்து."

"மேடம், அந்த ரெஜிஸ்டர் எங்க போச்சு? நான் தேடிப் பாத்துட்டேன். அதுல தேதி போட்டு எழுதியிருக்கேன். நீங்க பாத்ததுக்குக் கையெழுத்துகூட இருக்கு. அதைக் காமிச்சா இயக்குநர் புரிஞ்சுக்கிடுவாரு."

"தேடிப் பாக்குறேன்" என்றேன்.

"அதனால உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், மெயின் பிளாக் ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் காட்டப் போனார்.

அக்டோபர் 7, திங்கள்

இன்று மறுபடி கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். நித்யகல்யாணியும் இரண்டு டாக்டர்களும் புதிதாக ஸ்கேன் எடுத்துப் புதிதாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டில் ஒன்பது பேர் மதுரைக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அவர்களுடைய போன் நம்பரும் அந்த சர்வரில்தான் இருந்தது.

பேச்சித்தாய் வந்திருந்தாள். கடைசியாக வைத்தது செப்டம்பர் பதின்மூன்று. இருபத்து நான்கு நாள் இடைவெளி. துண்டால் தாடையை மூடியிருந்தாள். நான் கேட்கவில்லை. அவளே துண்டை விலக்கினாள். எலுமிச்சங்காய் திரும்ப வந்திருந்தது, அதைவிடப் பெரிதாக.

"நடுவுல விட்டா அது முழிச்சுக்கிடுமாம்லா? டாக்டரம்மா சொன்னாவ" என்றாள். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அல்ல, பஸ் நேரம் விசாரிக்கிற குரலில்.

தலையை அசையாமல் பிடிக்க ஆளுக்கேற்ப ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்துவைத்திருப்பார்கள். அவளுடைய பழையது இப்போது சேரவில்லை. வேறு செய்தார்கள்.

பூலுடையார் என்னிடம், "பத்தொம்பது வச்சது வீணாப் போயிட்டோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்காங்க" என்றேன். போட்டிருக்கிறார்கள் என்பது உண்மைதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

பீரோ மேல் தூசி தட்டும்போது அத்தான் கையில் ரெஜிஸ்டர் கிடைத்துவிட்டது. நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் ஜூலை பதினெட்டு" என்றார். "'நகல் போகவில்லை, மேடத்திடம் கூறினேன்.' அப்புறம் ஆகஸ்ட் ரெண்டு. அப்புறம் அக்டோபர். நாலு தடவை எழுதியிருக்காரு ஹெப்சி. நாலுக்கும் பக்கத்துல உன் கையெழுத்து."

"அப்போ வேலை நெரிசல்."

"இது ஏன் நம்ம வீட்ல இருக்கு?"

"ஏ.சி. தண்ணி சொட்டுதுன்னு..."

அவர் என்னைப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெஜிஸ்டரை மூடி என் பக்கத்தில் வைத்துவிட்டு, மீன் கெட்டுவிடும், போய்ப் பார் என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

ரெஜிஸ்டரை இயக்குநரிடம் கொண்டுபோனேன். பக்கங்களை அடையாளம் வைத்திருந்தேன். அவர் நாலு பக்கத்தையும் படித்தார்.

"இது முன்னாடியே கிடைச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "இப்போ என்ன செய்யணுங்கிறீங்க?"

"முத்துவைத் திரும்ப எடுக்கணும் சார். அறிக்கையை மாத்தணும்."

"முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லியாச்சு. அவங்களும் ஏத்துக்கிட்டாங்க. இப்போ போய், இல்ல, பதினாலு மாசமா எங்களுக்குத் தெரியும்னு சொல்லணுமா? நாளைக்கு இங்க வர இருநூறு பேர் எங்க போவாங்க? இந்தப் பக்கத்துல இன்னொரு ரேடியேஷன் மெஷின் எங்க இருக்கு, சொல்லுங்க?"

நான் ரெஜிஸ்டரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"உங்க மனசு ஆறணும்னு ஆஸ்பத்திரியை மூட முடியாது ஹெப்சிபா."

ரெஜிஸ்டரைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். இரவு எழுதிய ராஜினாமாக் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் அவர் அதையும் வாங்கி உள்ளே வைத்திருப்பார். கொடுக்கவில்லை. வெளியே வந்தபோது, ரெஜிஸ்டரைக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்ததைக் கவனித்தேன். அது இப்போது என் வீட்டில் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பாளையங்கோட்டையில் முத்து வீட்டைத் தேடிப்போனேன். முத்து இல்லை. தூத்துக்குடியில் ஒரு கேமரா மாட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறாராம். அவர் மனைவி முத்துச்செல்வி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று பஸ்ஸில் பயிற்சி செய்துகொண்டே போயிருந்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவியளுக்காக நீங்க மட்டுந்தான் பெரிய டாக்டர்ட்ட சண்டை போட்டியளாம். சொன்னாவ. மத்தவுக யாரும் வாயத் தெறக்கலையாம்."

"யார் சொன்னா?"

"அவியதான். மேடம் இல்லாட்டி போலீஸ் கேஸே ஆயிருக்கும்னாவ."

அவர் அப்படி நம்பினாரா, மனைவியிடம் அப்படிச் சொன்னால் வீட்டில் மரியாதை மிஞ்சும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. டீ கொடுத்தாள். குடித்தேன். கொண்டுபோன ஆப்பிள்களை வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 6, புதன்

டாக்டர்கள் கூடிப் பேசி, பேச்சித்தாய்க்குக் கரண்டு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். இனி வலிக்கு மருந்து மட்டும். நித்யகல்யாணி வந்து சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இடைவெளி இல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"உறுதியாச் சொல்ல முடியாது மேடம். சிலருக்கு எப்படியும் திரும்ப வரும்."

"அவளுக்கு?"

"பதினாலுதான் பாக்கி இருந்துச்சு. கரண்டுக்கு நல்லாச் சுருங்கிட்டு வந்த கட்டி." வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் போகிறாளாம், டிசம்பரோடு.

நவம்பர் 8, வெள்ளி

வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனார். அத்தான் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். தேவையானதை மட்டும் பேசுகிறார். சாப்பாடு போடு. கரண்ட் பில் வந்திருக்கு. குடை எடுத்துட்டுப் போ.

நவம்பர் 21, வியாழன்

புது சர்வர் வந்துவிட்டது. நகல் தினமும் போகிறது. தினமும் காலையில் நானே நர்சிங் கல்லூரிக்குப் போய், ஒரு நோயாளியின் பெயரைத் தேடி, நேற்றைய தேதி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். இதற்குப் பதினோரு நிமிடம் ஆகிறது. பதினோரு நிமிடம்.

டிசம்பர் 11, புதன்

பன்னிரண்டரை மணி இருக்கும். பூலுடையார் என் அறை வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அவ போயிட்டா. பதினாறாம் நாள் காரியமும் கழிஞ்சாச்சு" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஒரு படம் வேணும்மா. சட்டம் போட்டு வைக்கணும்னு மக சொல்லுதா. வீட்ல அவ படம் ஒண்ணும் கெடையாது. கல்யாணத்துக்கு எடுத்தத கரையான் தின்னுட்டு. ஆதார்ல இருக்கது அவளே இல்ல. இங்க முத நா வந்தப்போ, முன்னால ஒரு புள்ள, நிமிந்து உக்காருங்கன்னு சொல்லிக் கம்ப்யூட்டர்ல படம் புடிச்சுதே, அது நல்லாருக்கும். அன்னைக்குச் சிரிச்சா. என்னைப் பாத்துதான் சிரிச்சா."

நோயாளியைப் பதிவு செய்யும்போது முகத்தைப் படம் எடுப்பது இங்கே வழக்கம். பழைய படம் இருக்காது என்று தெரிந்தும் பெயரைத் தட்டித் தேடினேன். ஒரு படம் வந்தது. அக்டோபர் ஏழாம் தேதி மறுபதிவில் எடுத்தது. துண்டை விலக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். கன்னமும் கழுத்தும் ஒன்றாக வீங்கி, கண் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது வேண்டாம். ஆடி மாசம் எடுத்ததக் காட்டுங்க."

"அது இல்ல ஐயா. அது அந்த மெஷினோட போயிட்டு."

"அப்படியா" என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை. கதவும் சாத்தியிருந்தது. நான் சொன்னேன்: "ஐயா, அது தானா போகலை. நகல் இல்லன்னு எனக்குத் தெரியும். பதினாலு மாசமாத் தெரியும். ஒருத்தர் எச்சரிக்கை பண்ணினார், நான் கேக்கலை. தெரிஞ்சே நான்தான் அந்த மெஷினை நிறுத்தினேன். உங்க வீட்டம்மாவுக்குக் கரண்டு நின்னது என்னாலதான்."

இவ்வளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. இந்த டைரியில்கூட நான் இப்படி எழுதியதில்லை. அவர் திட்டுவார், எழுந்து வந்து அடிப்பார், கத்தி ஆட்களைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரை மேசையில் ஓசைப்படாமல் வைத்தார்.

"மெசின் செஞ்சதுக்கு நீங்க என்னம்மா செய்விய" என்றார். "அழாதிய."

நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அவர் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, எனக்குச் சங்கடம் தராமல் கேட்க வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி. வேற எங்கயாவது இன்னொண்ணு எடுத்து வச்சிருப்பாங்கள்லா? கொஞ்சம் நல்லாப் பாருங்களேன். நான் ரெண்டே காலு பஸ் வரைக்கும் இருக்கேன்."

"இல்ல ஐயா" என்றேன்.

அவர் இரண்டே கால் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.